போட்டோக்காரரின் போட்டோ

"இதுல மாப்பிள்ளை எங்கடா?" என்று கேட்டாள் மெஹபூப் பீ.

நூருல்லா தம் ஸ்டுடியோ வாசலில், ஈரம் காயாத கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை அக்காவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். படத்தில் ராஜகிரி மலை முழுசாக இருந்தது. கோட்டை மதில் இருந்தது. மேகம்கூட இருந்தது. இடது ஓரத்தில் கடுகளவுக்கு ஏதோ ஒன்று நின்றது.

"இதோ, இதுதான் நான்."

"நாம கோட்டைக்காடா பொண்ணு கேக்கறோம்?"

எண்பத்து நாலாம் வருஷம் அது. செஞ்சியில் கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம் நூருல்லாவின் கேமராவில்தான். தமக்கு முன்னால் ஒரு தரம் உட்கார்ந்த முகத்தை மறக்கவே மாட்டேன் என்று பெருமை பேசுவார். ஆனால் எந்த முகத்தையும் சிரிக்க விடமாட்டார். யாராவது உதட்டைப் பிரித்தால் போதும்: "பல்லு தெரியக் கூடாது. இது போட்டோ, பற்பொடி விளம்பரம் இல்ல."

அந்த நாளைய செஞ்சிக்காரர்களின் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால், அத்தனை பேரும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரியே இருப்பார்கள். எனக்கு அந்த முகங்கள் மேல் தனிப் பிரியம் உண்டு.

நூருல்லாவுக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. மூன்றாவதாக அவலூர்பேட்டையில் அக்கா பார்த்த பெண்தான் அசீசுன்னிசா, டீச்சர் டிரெயினிங் முடித்தவள். பேச்செல்லாம் முடிகிற நேரத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் போட்டோ ஒன்று கேட்டார்கள். ஊரையே படம் பிடித்த மனுஷனிடம் தம்முடைய படம் ஒன்றுகூட இல்லை. கடைவீதியில் இன்னொரு ஸ்டுடியோ இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தால் மானம் போய்விடும்.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது. போட்டோ பிடிக்கக் கற்றுக்கொள்ள அவரிடம் மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். ராஜாம்பாள், ஆரம்பப் பள்ளி டீச்சர். பாண்டுரங்கன், ரேஷன் கடையில் எடை போடுகிறவர். துரைக்கண்ணு, ஐம்பதைத் தாண்டிய விவசாயி. தம் மாடுகளைத் தாமே படம் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மூவரையும் கோட்டைக்குக் கூட்டிப் போய், "பாடத்துக்கு ஒரு ஆள் வேணுமில்ல, நானே நிக்கறேன்" என்றார் நூருல்லா. சம்பந்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

முதல் ஞாயிறு கம்போசிஷன் பாடம். "ஆளை நட்டநடுவுல வைக்காதீங்க. ஓரமா வைங்க. பின்னால இருக்கறதும் அழகா தெரியணும்" என்றார்.

ராஜாம்பாள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். பின்னால் இருந்தது மலை. அது முழுசாகத் தெரிவதற்காகக் கேமராவோடு பின்னாலேயே நடந்து, கிட்டத்தட்ட பஸ் ரோட்டுக்கே போய்விட்டார். கடுகு வந்த கதை இதுதான்.

அடுத்த ஞாயிறு போகஸ். "உயிருள்ளதை எடுக்கறப்ப கண்ணுல போகஸ் வைக்கணும். கண்ணு துல்லியமா வந்துட்டா போதும்."

துரைக்கண்ணு கேமராவுக்கு மேல் வெகுநேரம் குனிந்திருந்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்கினார். எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று தெரிய ஒரு நாள் காத்திருந்த காலம் அது. அந்தக் காத்திருப்பில் ஒரு சுகம் இருந்தது, இப்போது அது இல்லை. மறுநாள் இருட்டறையில், மருந்துத் தட்டில் மெல்ல மெல்ல உருவம் எழுந்தது. முதலில் இரண்டு கொம்பு வந்தது.

மதில் மேல் நின்ற வெள்ளாட்டின் தாடியை மயிர் மயிராக எண்ணலாம். அதற்கு முன்னால் நூருல்லா புகையாக நின்றார்.

"இன்னாண்ணே இது?" என்று துரைக்கண்ணுவைக் கேட்டார்.

"கண்ணுலதான வைக்கச் சொன்னீங்க பாய்? நீங்க கண்ண சிமிட்டிக்கினே இருந்தீங்க. ஆடு சிமிட்டல."

மெஹபூப் பீ படத்தை வாங்கிப் பார்த்தாள். "ஆட்டுக்கு நல்ல எடமா பாத்துடலாம். உனக்குத்தான் கஷ்டம்."

"அடுத்த வாரம் கண்டிப்பா குடுத்துடறேன்க்கா."

"ஆரணியில இருந்து வேற மாப்பிள்ளை வந்துக்கினு இருக்குது. அடுத்த வாரம் புதன்கிழமை நான் அவலூர்பேட்டைக்குப் போறேன். கையில போட்டோ இல்லன்னா இந்த எடமும் அதோட சரி."

இருட்டறையின் சிவப்பு விளக்கில் தனியாக வேலை செய்யும்போது, அசீசுன்னிசா என்ற பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் நூருல்லாவுக்கு வந்திருந்தது. பேசத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அவர் நிஜமாகவே ஏங்கினார்.

மூன்றாவது ஞாயிறு இயற்கை வெளிச்சம். "காலை வெயில் முகத்துல நேரா விழணும்" என்று சொல்லிவிட்டு, கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் கிழக்கே பார்த்து நின்றார். கேமரா பாண்டுரங்கனிடம்.

"பாய், அழுவுறீங்க" என்றார் பாண்டுரங்கன்.

"வெயில் கூசுதுப்பா."

துரைக்கண்ணு ஓடிவந்து குடை பிடித்தார். முகம் இருண்டுவிட்டது. இருட்டைப் போக்க ராஜாம்பாள் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வெயிலை முகத்துக்குத் திருப்பினார். காற்றடித்து, துண்டு போய் நூருல்லாவின் தலையைச் சுற்றிக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் பாண்டுரங்கன் பொறுப்பாக ஒரு படம் எடுத்துக்கொண்டே வந்ததில், பிலிமில் ஒரே ஒரு படம்தான் மிச்சம் இருந்தது.

நூருல்லாவுக்குப் பொறுமை போய்விட்டது. "பொண்ணு வீட்டுக்குக் குடுக்கணும்யா, ஒழுங்கா எடுங்க."

"அது தெரியும் பாய். உங்க அக்கா போன மாசமே ரேஷன் கடையில சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா இப்படி எடுத்தீங்க?"

"நீங்க பாடம்னீங்க சார். நாங்க பாடமா எடுத்தோம்" என்றார் ராஜாம்பாள்.

பாண்டுரங்கன் இம்முறை பொறுப்பை முழுசாக ஏற்றுக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தி, குரலைக் கட்டையாக்கி, "தோள எறக்குங்க. மூச்ச அடக்குங்க. பல்லு தெரியக் கூடாது. இது போட்டோ, பற்பொடி விளம்பரம் இல்ல" என்று அதட்டினார்.

தம் குரல் மற்றவர்கள் காதில் எப்படி விழுகிறது என்று நூருல்லா அன்றுதான் கேட்டார். வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பதறிப்போன பாண்டுரங்கனின் விரல் பொத்தானை அமுக்கிவிட்டது.

படத்தில் ராஜகிரி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. மேலே பாதிக் குடை. ஓரத்தில் துரைக்கண்ணுவின் பாதி மீசை. நடுவில் நூருல்லா, முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

"இதைக் கிழிச்சிடலாம்" என்றார்.

அதற்குள் மெஹபூப் பீ அதைக் காயப்போட்டிருந்த கிளிப்பிலிருந்து உருவி, முந்தானையால் ஒற்றி, பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "சம்மதம்."

சம்பந்தம் பேசிய பிறகு நூருல்லா பெண்ணின் முகத்தைக் கல்யாணத்தன்றுதான் பார்த்தார். அந்தப் படம் சட்டம் போட்டு ஸ்டுடியோ சுவரில் ஏறியது.

மறு வருஷம் புதிய மாணவர்கள் சேர்ந்தார்கள். பழைய மூன்று பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நூருல்லா ஒரு குச்சியால் படத்தைத் தொட்டுப் பாடம் நடத்தினார்.

"பாருங்க, மலை சாஞ்சிருக்குது. அதுலதான் ஒரு வேகம். வெயில் குடையில வடிகட்டி விழுது. அவலூர்பேட்டையில இதைப் பாத்த உடனே சம்மதம் சொன்னாங்கன்னா சும்மாவா? கம்போசிஷன்னா இது."

டீ கொண்டுவந்த அசீசுன்னிசா தட்டைக் கீழே வைத்தாள்.

"மலையும் குடையும் யாரு பாத்தா? டிரெயினிங் பாரத்துல ஒட்டறதுக்கு நான் போட்டோ எடுத்ததே இந்த ஸ்டுடியோவுலதான். பல்லு தெரியக் கூடாதுன்னு மூணு தரம் என்னை அதட்டுனாரு. இந்த மனுசனுக்குப் பல்லுன்னு ஒண்ணு இருக்குதான்னு பாக்கத்தான், எங்க அத்தாகிட்ட சொல்லி போட்டோவே கேட்டேன்."