சக்கரம் வைத்த வீடும் உபவாச ஜெபமும்

இந்தத் தடவை மனைவி ரெபேக்காளிடம் அனுமதி கேட்பதில்லை, தகவல் மட்டும்தான் சொல்வது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் எனக்கே என்னை நினைத்துப் பயமாக இருந்தது.

ஆபீஸில் ஜெபசிங் சார் என்றால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டில் நான் நின்றுகொண்டிருந்தால்கூட யாரும் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட எனக்கு வீரம் வந்ததற்குக் காரணம் நண்பன் ஸ்டான்லியின் மகன் ஜோயல்.

பையனுக்கு ஸ்பெயினில் வேலை. கூட்டாளிகளோடு ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு கடலோரமாகவே சுற்றியிருக்கிறான். வண்டி என்றால் வண்டியா அது? உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம். பிடித்த இடத்தில் நிறுத்துகிறான், தூங்குகிறான். காலையில் போர்வையை விலக்காமலே ஜன்னலில் கடல். அந்த வீடியோவை ஸ்டான்லி எனக்கு அனுப்பினான். நான் பார்த்த பார்வையில் போன் சூடாகிவிட்டது.

செங்கல்பட்டில் என் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய். மாமல்லபுரம் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். போகாமல் இல்லை. சொந்தக்காரர்கள் வந்தால் போவோம். அவர்கள் குதித்துக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள். நான் செருப்புகளுக்குக் காவல் இருப்பேன். சகலை செருப்பு, கொழுந்தியா செருப்பு, அவர்கள் பிள்ளைகளின் செருப்பு. எல்லோரும் ஈரத்தோடு வந்ததும், "பஸ் போயிடும், கெளம்பு கெளம்பு!" அவ்வளவுதான் என் கடல்.

அதன் பக்கத்தில் ஒரு ராத்திரி படுக்க வேண்டும். விடியும்போது அதைப் பார்க்க வேண்டும். இத்தனை வயசுக்கு அப்புறம் எனக்கு வேறு எதன்மேலும் இப்படி ஓர் ஏக்கம் வந்ததில்லை.

"நம்ம ஊர்லயும் அந்த மாதிரி வண்டி வாடகைக்கு கீது மச்சான்" என்றான் ஸ்டான்லி.

மூன்றாவது ஆள் எங்கள் ஆபீஸ் நரசிம்மன். மாமல்லபுரம் தாண்டி அவனுக்குத் தெரிந்தவரின் சவுக்குத் தோப்பு, கடலைப் பார்த்த மாதிரி. வெள்ளிக்கிழமை காலையில் போய் சனிக்கிழமை சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு.

"வூட்டுக்காரம்மாங்கள இட்டுகினு போலாமா?" என்றான் நரசிம்மன்.

"அவங்க வந்தா அது டூரா? இருக்கிற வூட்டுக்கே சக்கரம் வெச்ச மாதிரி இருக்கும்" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் பெரிய ஆள்.

சாயங்காலம் தகவல் சொல்லப் போனேன். ரெபேக்காள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அரிவாள்மனை பளபளத்தது. என் வாய் தானாக வேறு ரூட்டில் திரும்பிவிட்டது.

"ரெபேக்கா, வர்ற வெள்ளி, சனி மாமல்லபுரத்துல உபவாச ஜெபம். நானும் ஸ்டான்லியும் போறோம்."

மீன் கையிலேயே நின்றது.

"யாரு, நீங்களா?"

"ஆமா."

"நாஸ்தா கொஞ்சம் லேட்டானாலே வூட்டைத் தலைகீழா கவுத்துருவீங்களே?"

"அதான் மாம்சத்தை அடக்கலாம்னு..."

"எந்த சபை நடத்துது?"

"எல்லா சபையும் சேர்ந்து."

"இன்னாத்துக்கு ஜெபம்?"

"தேசத்துக்கு."

அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கியது. மறுபடி மீனை அரியக் குனிந்தாள். ராத்திரி சாப்பாட்டில் பெரிய துண்டு மீன் என் தட்டில் விழுந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆபீஸ் டிரெயினிங் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒருத்தரும் விசாரிக்க மாட்டார்கள். எங்கள் சபையில் உபவாசம் என்று ஒருத்தன் வாயைத் திறந்தால் அது ஊர்ச் சொத்து. மறுநாளே ஜெபக்குறிப்புகள் வர ஆரம்பித்தன. ஒருத்தர் மகனுக்கு வேலை, ஒருத்தர் மகளுக்கு வரன். எதிர்வீட்டுச் சங்கரியக்கா சர்ச்சுக்கே வந்ததில்லை. அவளும் படியேறி வந்து, "என் முட்டிவலியையும் அதுல சேத்துக்கோ தம்பி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. பாஸ்டர் தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நம் ஆண்கள் ஐக்கியத்தில் உபவாசத்துக்கு ஆளே இல்லையே என்று நான் அழுததுண்டு. இப்போது சகோதரர் ஜெபசிங்கும் சகோதரர் ஸ்டான்லியும் எழும்பியிருக்கிறார்கள். அவர்கள் ஏன் வேறு ஊருக்குப் போக வேண்டும்? வெள்ளி, சனி, நம் சபை ஹாலிலேயே. இந்த ஆலோசனையைத் தந்த சகோதரி ரெபேக்காளுக்காக ஸ்தோத்திரம்!"

மொத்த சபையும் திரும்பி எங்களைப் பார்த்து "ஸ்தோத்திரம்" என்றது. பீடத்திலிருந்து பேர் சொன்ன பிறகு முடியாது என்று சொன்ன ஆண்பிள்ளை எங்கள் சபையில் இன்னும் பிறக்கவில்லை.

ஸ்டான்லி என் தொடையைக் கிள்ளினான். "நானும் வூட்ல ரெஜினாகிட்ட அதையேதான் மச்சான் சொல்லிக்கீறேன்."

"உனக்கு வேற பொய்யே கெடைக்கலையாடா?"

"சூப்பரா வேலை செய்யுதுன்னு நீதான சொன்ன?"

வெளியே வந்ததும் நரசிம்மனுக்குப் போன் போட்டேன்.

"நீ உன் வூட்டுக்காரம்மா பார்வதத்துகிட்ட இன்னாடா சொன்ன?"

"வண்டில கடலுக்குப் போறோம்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"நல்லா போய்ட்டு வாங்கன்னா."

உண்மையைச் சொன்னால் விடுவார்கள் என்று இத்தனை வருஷமாக என்னிடம் ஒருத்தன் சொல்லவில்லையே! நரசிம்மன் தொண்டையைக் கனைத்தான். "வண்டியை கேன்சல் பண்ண முடியாதாம். அது வீணாப் போவாம நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொண்டான் என்பது வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்தது. வெள்ளைச் சட்டையும் வெறும் வயிறுமாக நான் கேட்டுக்கு வந்தால் தெருவை அடைத்துக்கொண்டு அந்த வண்டி நிற்கிறது. ஜன்னலில் பார்வதம். பக்கத்தில் ஸ்டான்லியின் ரெஜினா. டிரைவர் பக்கத்தில் நரசிம்மன் என் முகத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கிறான். எனக்குப் பின்னாலிருந்து புதுச் சுடிதாரில் ரெபேக்காள், கையில் பையோடு.

"எங்க ரெபேக்கா?"

"பார்வதம் கூப்ட்டாங்க. நீங்கதான் ஜெபத்துல இருப்பீங்களே. நான் தனியா வூட்ல குந்திகினு இன்னா பண்றது?"

ஏறினாள். வண்டி கிளம்பியது. தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன். என் கட்டில் போகிறது, என் ஜன்னல் போகிறது, என் கடல் போகிறது.

ஹாலில் பாஸ்டர் கண்மூடி ஜெபித்தார். அமைதியான இடங்களில் எல்லாம் ஸ்டான்லியின் வயிறு பேசியது. ராத்திரி பாய் விரித்துப் படுத்தோம். சனிக்கிழமை விடியற்காலையில் என் போன் அடித்தது. வீடியோ காலில் ரெபேக்காள்.

"ஏங்க, இதப் பாருங்களேன்!"

போனைத் திருப்பினாள். ஜன்னல் நிறையக் கடல். தண்ணீருக்குள்ளிருந்து சூரியன் சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது. நான் இத்தனை நாளும் ஆசைப்பட்டது அப்படியே இருந்தது, உள்ளங்கை அகலத்தில். அவள் போனை மடியில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. இப்போது அவள் முகம் தெரிந்தது. தலைமுடி காற்றில் பறக்கிறது. வாயைத் திறந்தபடி கடலையே பார்க்கிறாள், சின்னப் பெண் மாதிரி. அந்த முகத்தை நான் பார்த்து எவ்வளவு காலம்! அந்த நிமிஷம் எனக்குக் கடல்கூட வேண்டாம். அவள் பக்கத்தில் அந்த ஜன்னலில் கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும் என்று கிடந்து தவித்தேன்.

ஸ்டான்லியிடம் சொன்னேன். "பசி மச்சான், அதான் அப்படித் தோணுது" என்றான். பசி எது, ஏக்கம் எது என்று எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அவளும் வந்திருந்தாள். வறுத்த மீன் டப்பாவைத் திறந்தாள். வாசனை வந்ததும் மூடினாள். "ஐயோ, நாளைக்கு ஆராதனை முடிஞ்சு பாஸ்டர் கஞ்சி ஊத்தி உபவாசத்தை முடிக்கிற வரைக்கும் தொடக்கூடாதுல்ல?"

"ரெபேக்கா, உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்க வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே. பார்வதம் போன் பண்ணிட்டாங்க."

"அப்ப கண்ணு கலங்கினியே?"

"நெஜமாத்தான் கலங்கிச்சு. நீயும் வாடின்னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு பாத்துகினு இருந்தேன். தேசத்துக்குன்னு சொல்லிட்டீங்க. எனக்கு மட்டும் அந்தக் கடல் மேல ஆசை இருக்காதா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அடுத்த மாசம் நாம போலாம். நீயும் நானும் மட்டும்."

அவள் முகம் மலர்ந்தது. பிறகு வாடியது.

"அதையே நெனச்சு நானும் வண்டிக்காரரைக் கேட்டேங்க. மாசாமாசம் இதே வாரத்து வெள்ளி, சனிலதான் வண்டி காலியா கீதாம்."

"அதனால இன்னா? எடுத்துடு!"

"எடுத்துட்டேன். நான், பார்வதம், ரெஜினா மூணு பேரும் போறோம். உங்களாலதான் வர முடியாது. மாசாமாசம் அதே வெள்ளி, சனி உபவாச ஜெபம்னு பாஸ்டர் மத்தியானமே வாட்ஸப்ல போட்டுட்டாரு. தலைவர் நீங்கதான்."