நார்ச்சத்தம்மாவுக்கு ஒன்பது நாள்

குளியலறைக்குள் போய் முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. போன காரியம் ஆகவில்லை. இது ஆறாவது நாள்.

நாத்தனார் கதவைத் தட்டினாள்.

"இவ்வளவு நேரமா உள்ள என்ன பண்றே?"

"தரை கழுவறேன், அண்ணி."

பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குரிய மரியாதையையும் செய்துதானே ஆக வேண்டும். அடுத்த பத்து நிமிடம் மண்டியிட்டுத் தரையைத் தேய்த்தாள். வெளியே வந்தபோது முட்டி வலித்தது. வயிறு உள்ளே போனபோது இருந்ததைவிடக் கனமாக இருந்தது. நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, மாடிக் குளியலறையையும் ஒரு நாள் இதே மாதிரி பார்த்துவிடும்படி சொன்னாள்.

வேறு யாருக்காவது இந்தக் கஷ்டம் வந்திருந்தால் பரவாயில்லை. இவளுக்கு வந்ததுதான் கொடுமை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இவள் உணவு ஆலோசகர். மலச்சிக்கல் என்று யார் வந்தாலும் டாக்டர்கள் இவளிடம் தள்ளிவிடுவார்கள். இவள் அவர்களிடம் ஒரு பச்சைத் தாளைக் கொடுப்பாள். காலையில் தவிடு கலந்த ஓட்ஸ் கஞ்சி, பதினோரு மணிக்குத் தோல் சீவாத பேரிக்காய், மதியம் கீரையும் பீன்ஸும், சாயங்காலம் கொய்யா, ராத்திரி பப்பாளி, படுக்கும் முன் ஒரு கரண்டி ஆளிவிதை. கலோரி குறைவு, நார் அதிகம், மாத்திரை அறவே கூடாது. மாத்திரை என்பது சோம்பேறிகளின் குறுக்கு வழி என்று இவள் சொல்லும்போது எதிரே இருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து, "ஆச்சு மேடம், தாள்படியே எல்லாம் ஆச்சு" என்பார்கள். ஒருவர்கூட ஆகவில்லை என்று சொன்னதில்லை. அதனால் வந்த பெயர்தான் நார்ச்சத்தம்மா. கேட்டால் கோபம் வந்த மாதிரி நடிப்பாள். உள்ளுக்குள் இனிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் விழா. மாத்திரையில்லா உணவுப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் திறந்து, அதற்கு இவளைத் தலைவியாக்கப் போகிறார்கள். முந்நூறு பேர் முன்னால் ஒரு மணி நேரம் பேச வேண்டும். நாத்தனாரிடம் தரை கழுவியதாகப் பொய் சொல்லலாம். ஆனால் அந்தத் தாளைப் பற்றி மட்டும் இவள் வாழ்க்கையில் ஒரு பொய்யும் சொன்னதில்லை. தனக்கே பலிக்காததை மேடையில் நின்று ஊருக்கு எப்படி உபதேசிப்பது? அதை நினைத்தபோது வயிற்றோடு நெஞ்சும் அடைத்துக்கொண்டது.

தாள் தப்பாக இருக்க முடியாது. ஆகவே அளவுதான் போதவில்லை என்று முடிவு செய்து அன்றே எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினாள். ஒரு கிண்ணம் தவிடு இரண்டானது. கொய்யா ஒன்று மூன்றானது. பேரிக்காயை விதையோடு தின்றாள். சாயங்காலத்துக்குள் புடவை இடுப்பில் நிற்க மறுத்தது. இத்தனை சாப்பிட்டும் கலோரி என்னவோ குறைவுதான். பசி ஒரு பக்கம், உப்புசம் ஒரு பக்கம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் ஆலோசனை அறையில், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் தன் குடலின் வரலாற்றை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நடுவே யாரோ கதவைத் திறந்து மூடியது போல ஒரு நீண்ட சத்தம். கதவு மூடித்தான் இருந்தது. அவர் பாவம், தன் வயிறுதான் என்று நினைத்து, கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்டார்.

"பரவாயில்ல, இதெல்லாம் சகஜம்" என்று பெருந்தன்மையாக மன்னித்துவிட்டாள்.

அவர் போன பிறகு, மனுஷியா நீ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் வயிற்றிலிருந்துதான் வந்தது.

மதியம் ஒரு சிறு நம்பிக்கை தோன்றியது. ஆஸ்பத்திரிக் கழிவறைக்கு ஓடினாள். அது நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சுக்கு நேர் எதிரே இருந்தது. இருபது நிமிடம் கழித்து வெறுங்கையோடு, அதாவது வெறும் வயிறாகாமல், வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்த ஏழு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். இனி செத்தாலும் அந்தக் கதவைத் திறப்பதில்லை என்று அப்போதே தீர்மானித்தாள். எந்தக் காரணத்துக்காகவும் திறக்க நேரக் கூடாதே என்று அன்றிலிருந்து வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வந்தால் பழங்களுக்கே வயிற்றில் இடம் இல்லை. தண்ணீருக்கு ஏது?

எட்டாவது நாள் வெள்ளிக்கிழமை. தலைவலி என்று லீவு சொன்னாள். தாள் பலிக்காதவர்களுக்கு என்ன வழி என்று யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும். டாக்டர்களிடம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிடும். கடைசியில் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசனைத் தொலைபேசிக்கே கூப்பிட முடிவு செய்தாள். கைப்பேசியில் பேசினால் தன் எண் தெரிந்துவிடுமே என்று வீட்டுத் தொலைபேசியை எடுத்து, வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டாள்.

எடுத்தது அவளுடைய உதவியாளர் பெண். அவளே பழக்கிவிட்டவள்.

"எத்தனை நாளா?"

"எட்டு."

"மேடத்தோட தாள்படி சாப்பிடறீங்களா?"

"ஒரு வரி விடாம."

"அப்படின்னா ஆகியிருக்கணுமே. ஆகலன்னா நீங்க எங்கயோ ஏமாத்தறீங்கன்னு அர்த்தம். மேடம் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க."

உண்மைதான். அப்படிச் சொல்லும்படி எழுதிக் கொடுத்ததே இவள்தான். எழுதியபோது அது கண்டிப்பாகத் தெரிந்தது. வாங்கிக் கட்டிக்கொள்ளும்போதுதான் அது எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

உதவியாளர் பேரைக் கேட்டாள். பதற்றத்தில் நாத்தனாரின் பேர்தான் வாயில் வந்தது. சனிக்கிழமை பத்து மணிக்கு மேடத்தை நேரில் பார்க்கலாம் என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். ஆக, தன்னைத் தானே பார்க்க முறைப்படி நேரம் வாங்கியாயிற்று.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது சாயங்காலம். வந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு நினைவூட்டக் கூப்பிடுவது அந்த அலுவலகத்தின் நல்ல பழக்கம். அதைத் தொடங்கி வைத்ததும் இவள்தான். மணி அடித்தது. நாத்தனார் எடுத்தாள். அவள் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அறுபத்திரண்டு வயதிலும் விடியற்காலையில் மொட்டை மாடியில் குதிக்கிறவள். தன் பேரைச் சொல்லி, தன் மலச்சிக்கலை விசாரித்து, எட்டு நாள் சாப்பாட்டு விவரத்தை எழுதிக்கொண்டு வரும்படி ஒருத்தி சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்?

"முப்பது வருஷம் விசில் ஊதினவ நான்" என்றாள் போனை வைத்துவிட்டு. "ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்குத் தவறினதில்ல. விழாவுக்கு ஆள் கம்மின்னா என் பேரையா எழுதிக் குடுப்பே?"

நார்ச்சத்தம்மா திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றாள். உண்மையைச் சொன்னால் நாத்தனார் சமாதானமாகிவிடுவாள். ஆனால் தாளின் மானம் போய்விடும். சொல்லாமல் மென்று விழுங்கினாள். அதுவும் வயிற்றில் போய் மற்றவற்றோடு உட்கார்ந்துகொண்டது. நாத்தனார் அன்றே பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை அவள் சின்னத் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டுப் போனாள். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த வீட்டுக்காரர், தவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தார். சாதுவான மனுஷர். ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள பஸ் டிப்போவில் டைம்கீப்பர். கொடுத்ததை வழித்துச் சாப்பிடுகிறவர். காலை ஆறு இருபதுக்கு உள்ளே போனால் ஆறு இருபத்தைந்துக்கு முகம் தெளிந்து வெளியே வருவார். இவள் பேசும் எல்லாக் கூட்டங்களிலும் அவர்தான் சாட்சி.

"நிஜமாச் சொல்லுங்க. என் தாள் வேலை செய்யுதா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ன கேள்வி இது? டிப்போவுல பஸ்ஸு தவறியிருக்கு. நான் தவறியிருக்கேனா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாள் சரிதான். அப்படியானால் சரியில்லாதது தன் உடம்புதான். அந்த எண்ணத்தில் ஆறுதல் இருந்த அளவுக்கு வேதனையும் இருந்தது.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து தனக்காகத் தானே காத்திருந்தாள். பத்தரை மணிக்கு உதவியாளர் பதிவேட்டைத் திறந்து, 'வரவில்லை. கட்டுப்பாடு இல்லாதவர்' என்று சிவப்பு மையால் எழுதினாள். நார்ச்சத்தம்மா கீழே கையெழுத்துப் போட்டாள்.

மதியம் அவள் தோற்றுப்போனாள். தலையைச் சுற்றித் துணி, முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. டிப்போவில் ஏறினால் வீட்டுக்காரர் பார்த்துவிடுவார் என்று அடுத்த நிறுத்தம்வரை வெயிலில் நடந்துபோய் பஸ் ஏறினாள். கடைசி நிறுத்தத்தில், தன்னை யாரும் அறியாத இடத்தில், ஒரு சின்ன மருந்துக் கடை இருந்தது. வாழ்நாளெல்லாம் எதைக் கூடாது என்றாளோ அதைக் கேட்கப் போகிறாள். நாளைக்கு மேடையில் என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் ஒன்பது நாள் சுமையோடு மேடைப் படியே ஏற முடியாது.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். வார்த்தையும் வரவில்லை.

"பச்சைத் தாளா?" என்று அவரே கேட்டார்.

தூக்கிவாரிப் போட்டது. அவர் சர்வசாதாரணமாக இழுப்பறையிலிருந்து ஓர் அட்டை மாத்திரையை எடுத்து வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, காலையில் சரியாகிவிடும் என்றார். தாளோடு வருகிறவர்கள் எல்லாருக்கும் கொடுப்பது இதுதான் என்றார்.

"எல்லாருக்குமா?"

"பின்னே? தவிட்டுக்கு மேல தவிடாப் போட்டு அடைக்கறாங்க. தாள்ல தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. தண்ணி இல்லாம நார் மட்டும் உள்ள போனா, அது அங்கயே குடித்தனம் பண்ணாம என்ன செய்யும்?"

மறுக்கத் துடித்தாள். கடைசி வரி தண்ணீரைப் பற்றியதுதான். தினமும் எட்டு டம்ளர். அது அவளுக்கு மனப்பாடம். யாரோ விட்டுப்போயிருந்த தாள் ஒன்றைக் கடைக்காரர் எடுத்து நீட்டினார். பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக அதைப் படித்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் மறுபடி அச்சடித்தபோது, அடியில் இருந்த தன் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தாள். தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது அவளுடைய தலைக்கொண்டை இருந்தது.

எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று மெல்லிய குரலில் கேட்டாள். கணக்கே இல்லை என்றார் அவர். ஏன் ஒருவரும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"எப்படிச் சொல்றது? 'ஆச்சு மேடம்'னு சொன்னதும் குழந்தை மாதிரி சிரிப்பாங்களாமே. அதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?"

பலகையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடப் பேர், இத்தனை நன்றி, நாளைக்குப் போடப் போகிற மாலை, எல்லாம் இந்தச் சின்ன அட்டையின் தயவா? இல்லை. எல்லாமே பொய்யாக இருக்க முடியாது. உண்மையாக ஒருத்தர், ஒரே ஒருத்தர் இருக்கிறார். அந்த ஒருத்தர் போதும், நாளைக்கு அவரை முன்வரிசையில் வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து பேசிவிடுவாள்.

"அவங்க வீட்டுக்காரர் இருக்காரே" என்றாள், துணிக்குள்ளிருந்து. "அவருக்கு மாத்திரையே இல்லாம, தாளை மட்டும் வெச்சே…"

"டைம்கீப்பர் சாரா? என்னோட முதல் கஸ்டமரே அவர்தாம்மா. பச்சைத் தாளும் கையுமா டிப்போவுக்கு வர்றவங்களை எல்லாம் இந்த பஸ்ஸுல ஏத்தி என்கிட்ட அனுப்பி வைக்கறதும் அவரேதான்."