காரீயம் தேடுகிறவர்

வீட்டுக்குள் விஷம் தேடுகிறவர் என்றோர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகும் வீட்டில் இருப்பவர் பழைய பேட்டரிகளைப் பிரித்துப் பழுது பார்ப்பவர்.

அவருடைய பத்து மாதப் பெண்ணின் ரத்தத்தில் காரீயம் கூடுதல் என்று பரிசோதனை முடிவு வந்ததோ இல்லையோ, மனிதர் பூப்போட்ட கோப்பைகளை வீசினார், பொம்மைகளை முகர்ந்து பார்த்தார், மனைவியின் கண்மையைப் பறிமுதல் செய்தார், குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டே தண்ணீர் பிடிக்கவேண்டும் என்று சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டினார், அதுவும் போதாமல் ஜன்னலில் உரிந்திருந்த பழைய பெயிண்டைக் கத்தியால் சுரண்டக் கிளம்பினார். நான் மறித்தேன். சுரண்டினால் தூள் பறக்கும். பறந்து எங்கே இறங்கும்? பிள்ளை தவழும் தரையில்தான். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஆள் வைத்து முறையாக அகற்றச் சொன்னேன்.

இத்தனை உஷாரானவர் மாலை ஆறு மணிக்குப் பட்டறையிலிருந்து எப்படி வருவார்? காலணியோடு நடு அறைவரை வருவார். "என் தங்கக்கட்டி" என்று மகளை அள்ளிக்கொள்வார். அவளும் அப்பாவின் சட்டைக் காலரை ஆசையாகச் சப்புவாள்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "என்னென்ன தூக்கிப் போட்டீங்க தம்பி?"

"பாக்கி எதுவும் இல்லம்மா. எங்கேருந்துதான் வருதுன்னு தெரியல."

"இப்போ உங்க பொண்ணு வாயில என்ன இருக்கு?"

குனிந்து பார்த்தார். காலரை மெல்ல அவள் வாயிலிருந்து உருவினார்.

உள்ளேயிருந்து மனைவி சொன்னாள்: "கோப்பையெல்லாம் போன இடத்துக்கு இவரையும் அனுப்பிடலாமாக்கா?"

இப்போது பட்டறையிலேயே பேட்டரியின் காரீயத் தூள் போகக் குளித்து உடை மாற்றிக்கொண்டு வருகிறார். வேலைச் சட்டையைத் தனி வாளியில் துவைக்கிறார்கள். காலணி வாசலோடு சரி. மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. மனிதர் திருந்திவிட்டார் என்கிறீர்களா? கதவருகே நின்று, வருகிறவர் போகிறவர் கையையெல்லாம் புரட்டிப் பார்க்கிறார். நேற்று என் கையையும் பார்த்தார்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். நீங்களும் வீட்டில் எல்லோர் தட்டையும் தண்ணீரையும் சோதித்து முடித்தவர்தானே. சோபாவில் கால்மேல் கால் போட்டு இதைப் படிக்கிறீர்களே, காலில் இருக்கும் காலணி இன்று எங்கெல்லாம் போய் வந்தது?