உபய விசிறியும் நிலைகொள்ளாத் தராசும்

அன்பரே, உம் தலைக்கு மேலே சுழல்வது என்ன என்று என்றைக்காவது நிமிர்ந்து பார்த்ததுண்டா?

நாகேந்திரன் பார்த்தார். வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் பார்த்தார். அஞ்சுகிராமத்துக்கு அருகிலுள்ள அந்த நெல் கொள்முதல் நிலையத்தில் சுழன்ற மின்விசிறி, காலஞ்சென்ற தந்தையின் நினைவாக அவரே அளித்த உபயம். மூன்று இறக்கைகளிலும் சிவப்பு மையில் பெயர் எழுதி, நாடா வெட்டி, பாயசம் வழங்கித் திறப்புவிழாவும் நடத்தியிருந்தார்.

விசிறிக்கு நேர் கீழே மேசை. மேசைமேல் மின்னணுத் தராசு. மாதிரி நெல்லை அதில் எடைபோட்ட பிறகே ஈரப்பதம் பார்ப்பார்கள். எண் அசையாமல் நின்றால்தான் அது எடை என்பது விதி. திறப்புவிழாவுக்குப் பிறகோ எண் நிற்கவேயில்லை. கூடும், குறையும், மறுபடி கூடும்.

அன்று நாகேந்திரன் கன்னிப்பூப் பருவத்தில் அறுத்த நெல் முழுவதும் முற்றத்தில் குவிந்து கிடந்தது. மருந்துவாழ்மலைக்கு மேலே மேகம் கறுத்தது.

“சார், மழை வருகு. எனக்க நெல்லைக் கொஞ்சம் பாருங்க.”

“எண் நிக்கல்லியே, அண்ணாச்சி! நிக்காத எண்ணை நான் எப்பிடி ஒத்துக்கிட முடியும்?” என்றார் நிலைய அலுவலர் ரசலையன்.

அலுவலகம் கைகட்டி இருந்ததென்று எவரும் பழி சொல்ல இயலாது. தராசின் அருகில் எவரும் மூச்சு விடலாகாது என்று முதலில் ஆணை பிறந்தது. விவசாயிகள் மூக்கைப் பொத்தி நின்றனர். எண் ஆடியது. பிறகு தலைமையிடத்திலிருந்து வல்லுநர் லிஜா வரவழைக்கப்பட்டார். அவர் விசிறியின் கீழ் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, “ஆஹா, என்ன காற்று!” என்று மெச்சிவிட்டுக் கருவியை ஆராய்ந்தார்.

“இதற்குப் பணி அழுத்தம். இப்போது எல்லா அலுவலகங்களிலும் தியானப் பயிற்சி உண்டு. கருவிக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?”

தராசின் பக்கத்தில் ஒரு பூந்தொட்டி வைக்கப்பட்டது. கைபேசியிலிருந்து புல்லாங்குழல் இசைத்தது. செடியின் இலையும் தராசின் எண்ணும் ஒன்றாக ஆடின.

“இசையை ரசிக்கிறது, நல்ல அறிகுறி,” என்றார் லிஜா. கருவி சூடாகியிருக்கவும் கூடும் என்று கருதி, விசிறியின் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றச் சொன்னார். தட்டிலிருந்த நெல்மணிகளே இடம்பெயரத் தொடங்கின.

வரிசையிலிருந்து ஒரு குரல் மெல்லக் கேட்டது: “ஃபேனை ஒண்ணு நிறுத்திப் பாத்தா என்ன?”

நாகேந்திரனுக்குச் சுரீரென்றது. “ஓய், எங்கப்பா பேராக்கும் அது! நிறுத்தவா குடுத்தேன்?”

மற்றவர்களும் வியர்வைக்குப் பயந்து அவர் பக்கமே நின்றனர். மேகம் மலையை விட்டு இறங்கியது.

அப்போது தார்ப்பாயைச் சுமந்துகொண்டு அவர் மனைவி பிச்சம்மாள் வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

“கேட்டேளா, மாமா பேரு எங்க?”

“மேலதான் சுத்துகுல்லா.”

“சுத்துகது தெரியுது. ஒரு எழுத்து வாசிக்க முடியுதா? நின்னாத்தானே மாமா பேரு ஊருக்குத் தெரியும்!”

நாகேந்திரன் திகைத்துப்போனார். தந்தையின் புகழை இத்தனை நாளும் தாமே சுழற்றி அழித்திருக்கிறார்! பாய்ந்து சென்று சுவிட்சை அமர்த்தினார். இறக்கைகள் தளர்ந்து நின்றன. ஓர் இறக்கையில் தந்தையின் பெயரும், இரண்டில் மகனின் பெயரும் பளிச்சென்று தெரிந்தன.

எண்ணும் நின்றது.

“தியானம் பலித்துவிட்டது!” என்று லிஜா கைகூப்பினார்.

நாகேந்திரனின் கடைசி மூட்டை உள்ளே போகவும் மழை விழவும் சரியாக இருந்தது. அடுத்து நின்றவர் நீலகண்டன். அவர் நெல்லின்மேல் பிச்சம்மாள்தான் தன் தார்ப்பாயை விரித்தாள். அவர் கண்ணோ நெல்மேல் இல்லை, இறக்கையில் இருந்தது.

“எங்கம்மை பேரிலே நான் ஒண்ணு தாரேன். இதைவிடப் பெரிசு. நிக்கவே நிக்காது!”

வியர்த்து வழிந்த வரிசை கைதட்டியது. மிக உரக்கத் தட்டியவர், நெல்லை விற்று முடித்த நாகேந்திரன்.

அன்பரே, உம் ஊரிலும் ஏதோ ஓர் எண் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருக்கும். கருவியை வையாதீர், அலுவலரை வைவதையும் சற்றே ஒத்திவையும். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அண்ணாந்து பாரும். சுழல்வதில் உம் பெயர் இருக்கிறதா? நாளைக்கு என்னாதீர்; நீலகண்டனின் விசிறி வண்டியேறிவிட்டது. இன்றே, இப்போதே, சுவிட்சை அமர்த்தும்!