இறந்த பிறகும் எடை கூடிய குழந்தை

கணினி முன் உட்கார்ந்தபடியே ஒரு குழந்தையைக் கொன்றவள் நான். (பதறாதீர்கள், அவள் நன்றாக இருக்கிறாள்.)

அப்போது பெங்களூரில், குழந்தைகள் நலனை ஆராயும் ஒரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அங்கன்வாடி எடைப் பதிவுகளையும் இறப்புப் பதிவுகளையும் இணைத்து, நர்ஸ் எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று பட்டியல் போடுவது என் வேலை. சேர்ந்த ஆறே மாதத்தில், எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஒரு மதியம் திரையில் அந்த வரியைப் பார்த்தேன். நிவேதா, மூன்று வயது, ஸ்ரீராம்புரம். ஜூனில் இறப்பு. ஜூலையில் எடை பத்து கிலோ. ஆகஸ்டில் பத்தே கால்.

செத்த குழந்தை மாதாமாதம் வந்து தராசில் ஏறி நின்றிருக்கிறது! ஏசி அறையிலும் எனக்கு வியர்த்தது.

யாரோ பொய்க்கணக்கு எழுதுகிறார்கள் என்று நானே முடிவுகட்டி, ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். ஸ்ரீராம்புரத்தில் மழை கொட்டியது. சந்தில் கரண்ட் இல்லை. மூன்று மணிக்கே இருட்டு. கதவைத் தட்டினேன்.

"யாரு பேக்கு?" என்று, யார் வேண்டுமெனக் கன்னடத்தில் கேட்டபடி ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். "என்னா மேடம்?"

துக்கக் குரலை வரவழைத்துக்கொண்டேன். "உங்க நிவேதா இறந்ததுக்கு நாங்க ரொம்ப வருத்தப்படறோம்."

அவளுக்குப் பின்னாலிருந்த இருட்டு பேசியது.

"அம்மா, என்னையா கேக்கறாங்க?"

ஈரமான, ஐஸ் போன்ற சின்னக் கை ஒன்று என் விரலைப் பிடித்தது. அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்தவள், மழைத்தண்ணீர் பிடிக்க வைத்திருந்த அண்டாவுக்குள் உட்கார்ந்துவிட்டேன். (வெளியே எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.)

"மழையில ஆடிட்டு வந்தா கை ஜில்லுன்னுதான இருக்கும்!" என்றாள் தாய். பிறகு அவள் குரல் இறங்கியது. "செத்தது அடுத்த தெரு நிவேதா, மேடம். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே நாள்ல பொறந்ததுங்க. ஆசைப்பட்டு ஒரே பேரு வெச்சோம். காய்ச்சல்ல போயிடுச்சு."

பெயரும் பிறந்த நாளும் ஒத்துப்போனதால் இருவரையும் ஒரே குழந்தையாக ஒட்டியவள் நான்தான். முகவரியைப் பார்க்கக்கூட இல்லை. இறந்தவள் என்று நர்ஸின் பட்டியலிலிருந்து இவள் பெயர் விழுந்ததும் அதனால்தான் என்று தாயிடம் ஒப்புக்கொண்டேன்.

"அதான் நர்ஸம்மா மூணு மாசமா வரலியா? இவளுக்கு வெயிட்டே சரியா ஏறலன்னு நான் பொலம்பிட்டே இருக்கேன்!"

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். என் எதிரே நின்ற குழந்தையின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

மறுநாளே பட்டியலைத் திருத்தினேன். நர்ஸ் போய்ப் பார்த்தார். ரத்தசோகை என்று தெரிந்து வைத்தியம் நடந்தது. இன்று நிவேதா ஐந்தாம் வகுப்பு. அவள் அம்மாவின் போனில் என் பெயர் 'சாவு மேடம்'. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தப் போனிலிருந்து எனக்கு அழைப்பு வரும்.

"ஆன்ட்டி, நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன். எழுதிக்கோங்க!"