சம்பந்தியின் புளிப்பு மாத்திரை

சர்வரோக 'சி'க்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சட்டைப்பையில் வைட்டமின் சி டப்பா கிலுகிலுக்கும். நீங்கள் தும்மினால் ஒரு மாத்திரை தருவார். தும்மாவிட்டால், தும்மல் வராமலிருக்க ஒன்று தருவார். முட்டி வலியா, முடி கொட்டுகிறதா, மகன் சொன்ன பேச்சு கேட்கவில்லையா, எல்லாம் 'சி' குறைச்சலால்தான். யார் அளந்தது? அவர் பார்த்தாலே போதாதா?

எங்களுக்கு வாய்த்தவர் என் சம்பந்தி.

பேத்தி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தத் தங்கம் கொட்டாவி விட்டாலே நான் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வருகிற ஆள். ஒரு நாள் அவள் பால் குடிக்க மாட்டாமல் வீறிட்டாள். வாய்க்குள் வெள்ளைத் திட்டு. துடைத்தாலும் போகவில்லை, சுற்றிலும் செக்கச்செவேல். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

சம்பந்தி எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார்.

"ரெண்டே சொட்டு. புண்ணு ஆறிடும்."

"மொதல்ல உங்க கண்ணுல விட்டுக் காட்டுங்கப்பா," என்றாள் என் மருமகள். அவர் பெற்ற பெண்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்தவுடன் சொன்னார்: "பூஞ்சை. மருந்து விட்டா சரியாயிடும்."

"வைட்டமின் சி குடுத்தா..." என்று இழுத்தார் சம்பந்தி.

"நல்ல சத்துதான். பூஞ்சைய விரட்டுற மருந்து இல்ல. புளிப்பு பட்டா புண்ணு இன்னும் எரியும். அதிருக்கட்டும், நீங்க ஏன் வாயக் கோணிக்கிட்டுப் பேசறீங்க? தெறங்க, பாப்போம்."

ஊருக்கெல்லாம் வாய் ஓயாமல் வைத்தியம் சொன்ன மனிதர், அன்றுதான் வாயை மூடிக்கொண்டார்.

"தெறங்கப்பா. கைக்கொழந்தையே காட்டிடுச்சு," என்றாள் மருமகள்.

பல்செட்டைக் கழற்றினார். மேலண்ணம் முழுக்கச் சிவப்பு, ஓரத்தில் பேத்திக்கு இருந்த அதே வெள்ளை. தூங்கும்போதும் செட்டைக் கழற்றுவதே கிடையாதாம்; பூஞ்சை குடியேற அது போதாதா? எரிகிறதே என்று மாத்திரையை வாயில் அடக்கிக்கொள்வாராம். அடக்க அடக்க இன்னும் எரிந்ததாம். சரி, 'சி' பத்தவில்லை என்று இன்னொன்றாம்.

தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஆளுக்கொரு மருந்து. பேத்தி இப்போது சமர்த்தாகப் பால் குடிக்கிறாள். மருந்து நேரத்தில் முகம் சுளிப்பது தாத்தா மட்டும்தான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நடுவில் எங்கேயோ, "இருந்தாலும் எலுமிச்சை ஒரு சொட்டு விட்டிருக்கலாம்" என்று உங்கள் உதடு முணுமுணுத்ததே?

கொஞ்சம் வாயைத் திறவுங்கள், பார்ப்போம்.