மாப்பிள்ளை கேட்கப் போன இடத்தில் நான் நிரப்பிய படிவம்

என் வாழ்நாளில் இதுவரை பதினெட்டுப் பேருக்கு மனதில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவர்கூட என்னிடம் கேட்டு வந்தவர் இல்லை. நான் டொக்டரும் இல்லை. உயர்தரப் பரீட்சையில் இரண்டு பாடம் சித்தி, ஒன்று பெயில், அதுதான் என் மொத்தத் தகுதி. பதினேழு பேர் ஏசிவிட்டுப் போய்விட்டார்கள். பதினெட்டாவது ஆளிடம் நான் மாட்டிக்கொண்ட கதை இது.

சுனாமி எங்கள் சாய்ந்தமருதை அடித்துப் போட்டதில் வீடு போனது. நாங்கள் நாலு பேரும் மிஞ்சினோம், அல்ஹம்துலில்லாஹ். பிறகு ஊருக்குள் நிறுவனங்கள் வந்தன. கூடாரம் தந்தார்கள், தண்ணீர்த் தாங்கி தந்தார்கள், தோணி தந்தார்கள். எல்லாம் தந்து முடிந்த பிறகு, மனதைத் திருத்தித் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்தது. அவர்களுக்கு ஊர்ப் பொடியன்கள் தேவைப்பட்டார்கள், எனக்கு வேலை தேவைப்பட்டது. ஐந்து நாள் பயிற்சி, ஒரு தொப்பி, ஒரு பை, மூன்று புத்தகங்கள். பதவியின் பெயர் உளசமூகத் தொண்டர்.

புத்தகங்களில் ஒன்று மனவடுவைப் பற்றியது. இன்னொன்று, ஆளுக்கு ஆள் மூளை ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும் என்று ஓட்டிசம், கவனக் குறைபாடு எல்லாவற்றையும் விளக்கியது. மூன்றாவது புத்தகம் "நான் யார்?" என்று தினமும் தன்னைத்தானே கேட்கச் சொன்னது. (நான் அதைக் கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன். "நீ என்ட மகன், எழும்பிப் போய்த் தண்ணி அள்ளு" என்று வாப்பா உடனே பதில் சொல்லிவிட்டார்.)

மூன்றையும் வரிக்கு வரி படித்தேன். உண்மையைச் சொன்னால், அதுவரை எந்தப் புத்தகத்தையும் நான் அப்படிப் படித்ததில்லை. படித்த கையோடு வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினேன். உம்மா அடையாள அட்டைகளையும் காணி உறுதியையும் ஒரு பையில் போட்டு வாசல் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். அது மனவடுவின் அறிகுறி என்று விளக்கினேன். "இது அறிவுடா. உன்ட பிறப்புப் பத்திரம் எடுக்கக் கச்சேரி ஒபிசுக்கு நாலு தரம் அலைஞ்சது நான்" என்றார் உம்மா. பக்கத்து வீட்டுப் பூனைக்கும் ஏதோ இருப்பதாக எனக்குப் பட்டது. அதை நான் எழுத்தில் வைக்கவில்லை.

இனி ராத்தாவின், அதாவது என் அக்காவின், விசயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வாழ வருவார். சுனாமிக்கு முன் ராத்தாவுக்கு ஓர் இடம் பேசிவைத்திருந்தார்கள். வீடு அலையோடு போனதும் அவர்கள் மெல்ல மெல்லக் கதையை விட்டுவிட்டார்கள். ராத்தா அழவில்லை. காலையில் பள்ளிக்கூடம் போய் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள், பின்னேரம் தைத்தாள். கலியாணக் கதை எடுத்தால் எழும்பிப் போய்விடுவாள். அப்படி நாலு வருசம் போனது.

பிறகு வயல் பக்கமாக எங்களுக்குப் புது வீடு கிடைத்தது. தரகர் பாலமுனையிலிருந்து ஓர் இடம் கொண்டுவந்தார். பெயர் சமீம், இரண்டு போகமும் வேளாண்மை செய்கிறவர். அவருடைய உம்மா சுனாமியில் அகப்பட்டு மௌத்தாகிவிட்டார், வாப்பாவும் கலியாணம் முடித்த ராத்தா ஒருவரும் இருக்கிறார்கள். டீச்சர் வேலையை விடச் சொல்லமாட்டேன் என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தார். ராத்தா முதல் தரமாக எழும்பிப் போகவில்லை. அவருடைய படம் அவளுடைய பாடக்குறிப்புக் கொப்பிக்குள் இருந்ததை நான் கண்டேன். அவளுக்கு அந்த மனிசனைப் பிடித்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இதுவும் தவறினால் அவள் இன்னொரு தரம் ஓம் சொல்லமாட்டாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் புறப்படும்போது ராத்தா என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னாள்: "தம்பி, அங்க போய் வாயத் தெறக்காம இரு."

ஓம் என்றேன். பையில் படிவம் இருந்தது. மூன்று புத்தகங்களிலும் எனக்குப் பிடித்த கேள்விகளைப் பிய்த்தெடுத்து, பன்னிரண்டாக்கி, கல்முனையில் போட்டோக் கொப்பி எடுத்து வைத்திருந்தேன். மேலே கொட்டை எழுத்தில் "உளநல அவதானிப்புப் படிவம்". கீழே "அவதானிப்பாளரின் குறிப்பு". மனவடுவையும் ஓட்டிசத்தையும் ஒரே தாளில் கலக்கக் கூடாது என்று படித்தவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. என் ராத்தாவின் வாழ்க்கை, ஆளைச் சரியாகப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் நியாயம்.

வேனில் வாப்பா, பெரிய மாமா, தரகர், நான். காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் தாண்டிப் பாலமுனையில் இறங்கி வாசல் ஏறும்வரை நான் புத்தகத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டு போனேன். பெரிய மாமா இடையில் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை என்று நினைத்தேன்.

கடலுக்கு எட்டத்தில், வயலோரமாக நல்ல மரியாதையான வீடு. வட்டிலப்பம், முறுக்கு, பால் விடாத பிளேன்டி எல்லாம் வந்தது. சமீம் நானா (எங்களுக்கு அண்ணன்மார் எல்லோரும் நானாதான்) எதிரில் இருந்தார். பெரிய மாமா எங்கள் வீட்டை வர்ணிக்கத் தொடங்கினார்: சாய்ந்தமருதில் மூன்று அறை, சாய்ந்தமருதில் நல்ல தண்ணீர்க் கிணறு, சாய்ந்தமருதில் பள்ளிவாசல் எட்டி நடக்கும் தூரம். அவர் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்ல மாப்பிள்ளையின் தலை குனிந்துகொண்டே போனது. நான் படிவத்தில் சரி போட்டேன்: கண்ணைப் பார்ப்பதில்லை. கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சரி போட்டேன்: ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல். வட்டிலப்பத்தைத் தொடவில்லை. உணவில் நாட்டமின்மை, அதற்கும் ஒரு சரி. (வீணாகக் கூடாதே என்று அதை நான் சாப்பிட்டேன்.)

மாமா மூச்சு வாங்கிய இடைவெளியில் நான் கதிரையை முன்னுக்கு இழுத்தேன். பயிற்சியில் சொல்லித் தந்தது போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, குரலைத் தேனாக்கி, "சமீம் நானா, நீங்க கடைசியா எப்ப அழுதீங்க?" என்று கேட்டேன்.

வாப்பா என் காலை மிதித்தார். அவருக்குப் பதற்றம் என்று எடுத்துக்கொண்டேன். மறுபடியும் மிதித்தார். சபையில் ஒரு சத்தமும் இல்லை. மௌனத்துக்கு இடம் கொடுங்கள் என்று புத்தகத்தில் இருந்தது, நானும் தாராளமாகக் கொடுத்தேன்.

சமீம் நானா கோப்பையைக் கீழே வைத்தார். "உம்மாவ நான்தான் கொண்டு போய் விட்டன்" என்றார். "சாய்ந்தமருதில, உம்மாட தங்கச்சிட வீட்ட. சுனாமிக்கு முதல் நாள் பின்னேரம், என்ட மோட்டர் சைக்கிள்ள."

அவ்வளவுதான். எழும்பிப் பின்பக்கம் போய்விட்டார். அவருடைய வாப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தரகர் கூரையைப் பார்த்தார். அவருக்கு இது தெரியும், மறைத்துவிட்டார். எந்த ஊருக்குக் கொண்டுபோய் விட்டதால் உம்மாவை இழந்தாரோ, அதே ஊருக்கு வாழ வா என்றுதான் நாங்கள் முறுக்குக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறோம்.

என் கதிரைக்குப் பின்னால் திரை அசைந்தது. மாப்பிள்ளையின் ராத்தா இவ்வளவு நேரமும் என் தோளுக்கு மேலால் படிவத்தை வாசித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வெளியே வந்து அதை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "எங்கட தம்பிக்குப் பைத்தியம் என்டு எழுதிட்டுப் போக வந்தீங்களா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். நான் மூடவில்லை. "இல்ல ராத்தா, பைத்தியம் இல்ல, இது மனவடு. கூடவே லேசா ஓட்டிசமும் இருக்கலாம்" என்று விளக்கம் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது, ஊர்வரை எங்களோடு வர வேண்டிய தரகர் நிந்தவூரிலேயே இறங்கிக்கொண்டார்.

ராத்தா வாசலில் நின்றாள். வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே போய், பாதியில் விட்ட தையலைத் தொடர்ந்தாள். அதற்குப் பிறகு பதினைந்து நாள் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சோறுகூட உம்மாவின் கையால்தான் வந்தது. பதினெட்டுப் பேருக்கு அறிகுறி தேடியவன், சொந்த ராத்தாவின் முகத்தில் நாலு வருசமாக இருந்ததைப் பார்க்கவில்லையே என்று எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. புத்தகங்களைத் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டேன்.

பதினாறாம் நாள் தரகர் வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றே ஓர் உறையை நீட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே என் படிவம்! நான் போட்ட சரிகள் அழிக்கப்பட்டிருந்தன. பெயர் என்ற இடத்தில் சமீம் வெட்டப்பட்டு, "பெண்ணின் தம்பி" என்று எழுதியிருந்தது. ராத்தா அதை எடுத்து மூன்றாம் வகுப்புக்கு வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

பிறர் கண்ணைப் பார்த்துக் கதைக்கிறாரா? இல்லை, கையிலிருந்த தாளைப் பார்த்தே கதைத்தார். ஒரே விடயத்தை நீண்ட நேரம் கதைக்கிறாரா? ஓம், வேனால் இறங்கியதிலிருந்து. பிறர் முகக்குறிப்பை விளங்கிக்கொள்கிறாரா? இல்லை, வாப்பா இரண்டு தரம் காலை மிதித்தார். இருந்த இடத்தில் இருக்கிறாரா? கதிரையை நாலு தரம் இழுத்தார். உணவுப் பழக்கம்? என் வட்டிலப்பத்தையும் சாப்பிட்டார்.

ஐந்தாவதில் ராத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. எட்டாவதில் சிரிப்புத் தாங்காமல் தரையில் இருந்துவிட்டாள். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பன்னிரண்டில் பத்து எனக்குப் பொருந்தியிருந்தது. (மற்ற இரண்டையும் "தெரியாது, ராத்தாவிடம் கேட்கவும்" என்று சமீம் நானா விட்டிருந்தார்.) நாலு வருசத்தில் அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. வாப்பா வெளியே போய்க் கிணற்றடியில் நின்றார், கண் கலங்கியதைக் காட்டாமல்.

அவதானிப்பாளரின் குறிப்பில் ராத்தா நின்றுவிட்டாள். அதை நான் எடுத்து வாசித்தேன். "கேட்கக் கூடாத இடத்தில் கேட்டார். ஆனால் கேட்டார். இத்தனை வருசத்தில் வேறு ஒருவரும் கேட்கவில்லை." அதற்குக் கீழே, ராத்தாவுக்கு என்று ஒரு கேள்வி: உங்கள் வீட்டுக்குக் கடல் சத்தம் கேட்குமா?

மூன்று அறையையும் கிணற்றையும் பற்றிச் சொன்ன நாங்கள் ஒருவரும் அதை யோசிக்கவில்லை. ராத்தா அன்றே தொடங்கினாள். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் முற்றத்தில் நின்று கேட்டாள், பகலில் மதிலோரம் நின்று கேட்டாள். உதவலாமே என்று போய், சத்தம் காற்றில் எப்படிப் பரவும் என்று நான் தொடங்கினேன். "வாய மூடு, கேக்கணும்" என்றாள். பதினாறு நாளுக்குப் பிறகு என்னோடு அவள் கதைத்த முதல் கதை அது. நான் சந்தோசத்தில் மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் படிவத்தின் பின்பக்கத்தில் பதில் எழுதினாள்: "இப்ப கேட்கல்ல. மாரி மழைக் காலத்தில கேட்கும். மாரிக்கு உங்கட வீட்ட போய் இருப்பம்." உம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. மாரியை ஏன் சொல்கிறாய், பெண் போய் மாப்பிள்ளை வீட்டில் இருப்பதா, ஊர் என்ன கதைக்கும் என்று பதறினார். "அவர் உண்மையத்தானே சொன்னவர், நானும் உண்மையச் சொல்றன்" என்று சொல்லி உறையை ஒட்டினாள். நானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாயைத் திறக்காமல்.

யுத்தம் முடிந்த அந்த வருசமே கலியாணம் நடந்தது. மச்சான் எங்கள் ஊருக்கு வாழ வந்தார். மாரி தொடங்கினால் இரண்டு பேரும் பாலமுனைக்குப் போய்விடுவார்கள். ஊர் முதல் இரண்டு வருசம் கதைத்தது, பிறகு விட்டுவிட்டது. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது மாப்பிள்ளை கேட்டுப் போவதென்றால், வேனில் ஏறும் முன் என் பையைச் சோதிப்பார்கள். எனக்குப் பேர் "டொக்டர்" என்றாகிவிட்டது. மச்சானின் சின்ன மகளுக்கு என் சொந்தப் பெயரே தெரியாது.

புத்தகங்களை நான் விடவில்லை. இப்போது நிதானமாகப் படிக்கிறேன், பிறர்மேல் சரி போடுவதில்லை. போன வருசம் என் மகனை, வகுப்பில் இருக்கிறானில்லை, இடைவிடாமல் கதைக்கிறான் என்று டீச்சர் சொல்லி, டொக்டரிடம் கொண்டுபோனோம். அவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, நீங்கள் சின்ன வயதில் எப்படி என்று என்னையும் விசாரித்தார். மகனுக்கு இருப்பது கவனக் குறைபாடு, உங்களுக்கும் அதே இருக்கலாம் என்றார். நேரே ராத்தாவிடம் போனேன். அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பிள்ளையை எப்படி வளர்க்கப் போகிறேனோ என்று அழுதும்விட்டேன்.

ராத்தா கத்தியை வைக்கவில்லை, தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

"உன்ன வளர்த்து எடுத்தம் தானேடா" என்றாள். "அதுவும் ஒரு புத்தகமும் படிக்காம."